மலையில் பூனைப் புதினா

முதல் நாள் வடித்தபோது எண்ணெயே வரவில்லை என்றுதான் நினைத்தேன். பானை நிறைய இலை அடைத்து, காலையிலிருந்து ஆவி விட்டு, குளிர்குழாயின் நுனியில் கண்ணாடிக் குடுவையை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். குடுவைக்குள் விழுந்தது வெறும் கலங்கல் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

நான் மாத்தளையில் வாசனை எண்ணெய் எடுக்கும் கம்பனி ஒன்றில் இரசாயனப் பரிசோதகராக வேலை செய்கிறேன். கறுவா இலை, கராம்பு இலை, சாதிக்காய், எலுமிச்சை மணமுள்ள மானாப்புல் என்று இந்த மாவட்டத்தில் மணக்கிற எதையும் நாங்கள் விட்டுவைப்பதில்லை. ஒரு பானை இலைக்கு எவ்வளவு எண்ணெய் கிடைக்கிறது, அந்த எண்ணெயில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. பெரிய வடிசாலை அலுவிகாரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரத்தோட்டைக்கு மேலே, கைவிடப்பட்ட ஒரு தேயிலை மலையில் சின்ன வடிசாலை ஒன்றும் உண்டு. நான் சொல்லப்போவது அந்த மேல் மலையில் நடந்தது.

எங்கள் முதலாளி மாத்தளை டவுனைச் சேர்ந்தவர். அறுபதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர்; நான் அவரை ஹாஜியார் என்பேன், அவர் என்னை மகள் என்பார். புதிதாக எதையாவது நட்டுப் பார்க்கும் ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அவரிடம் பூனைப் புதினா எண்ணெய் கேட்டிருந்தார். நுளம்பு கடிக்காமல் இருக்க உடம்பில் தடவும் பூச்சு செய்ய அதை வாங்குகிறார்களாம். இந்தச் செடிக்கு நம் பக்கத்தில் பெயர் கிடையாது. ஆங்கிலப் பெயரைக் கேட்டுவிட்டு நாங்களாக வைத்துக்கொண்டதுதான் ‘பூனைப் புதினா’. குளிர் தேசத்துச் செடி என்பதால் மேல் மலையில் நட்டோம். பிடிக்குமோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. பிடித்தது மட்டுமல்ல, செழித்தது. சாம்பல் பச்சையில் மெத்தென்ற இலை, வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளி.

மேல் மலை வடிசாலையைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தார். கணவர் கொழும்பில் வேலை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. விடியும்போதே வந்து பொயிலருக்கு நெருப்பு மூட்டி, நான் போய்ச் சேர்வதற்குள் ஆவியைத் தயாராக வைத்திருப்பார். என்னைவிட வயதில் மூத்தவர் என்றாலும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று குடுவையைப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்ன மிஸ், எண்ணெயக் காணோமே?”

எனக்கும் புரியவில்லை. கறுவா இலை எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் போய் நிற்கும். மானாப்புல் எண்ணெய் லேசானது, மேலே மிதக்கும். இதுவோ அடியிலும் இல்லை, மேலேயும் இல்லை. எண்ணெயின் கனமும் தண்ணீரின் கனமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் இப்படி நடுவில் கலங்கி நிற்கும். நான் கொஞ்சம் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி வைத்தேன். உப்பு கரைந்து தண்ணீர் கனத்ததும், மறுநாள் எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. இளமஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம், அவ்வளவுதான். அத்தனை இலைக்கு, சாப்பாட்டுக் கரண்டியால் அள்ளிவிடலாம் போல இருந்தது. கராம்பு இலையிலிருந்து போத்தல் போத்தலாக எடுத்துப் பழகிய எனக்கு அது முதல் அதிர்ச்சி.

முதலாளி சோர்ந்துவிடவில்லை. “கொஞ்சமா வந்தா விலை கூட மகள். காய வச்சுப் போட்டுப் பாருங்க. பூக்கிற நேரம் வெட்டிப் பாருங்க” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தச் செடியின் எண்ணெயில் நாங்கள் தேடிய பொருளின் பெயர் நெபெட்டலாக்டோன். நுளம்பை விரட்டுவதும் அதுதான், பூனையை மயக்குவதும் அதுதான். பூ விரியும் காலத்தில்தான் அது கூடுதலாக இருக்கும் என்று படித்திருந்தேன். ஆகவே பூத்த செடிகளை வெட்டி, வடிசாலைக்கு முன்னால் தகரக் கூரை போட்ட திறந்த கொட்டிலில், கம்பித் தட்டுகளில் பரப்பி வாட வைத்தோம். தட்டு போதாமல் தரையில் சாக்கு விரித்தும் குவித்தோம். வடித்து மிஞ்சிய தண்ணீர் எப்போதும்போல வெளியே வெட்டியிருந்த கான் வாய்க்காலில் விழுந்து, கீழே ஓடைக்குப் போயிற்று.

முதல் கிழமை முடியுமுன்பே பூனைகள் வந்துவிட்டன. லயத்துப் பூனைகள் மொத்தமும் கொட்டிலுக்குக் குடிவந்தன. இலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, புரண்டு, எச்சில் வடித்து, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து போகும். பிறகு திரும்பி வரும். அக்கா தும்புத்தடியோடு துரத்திக் களைத்துப்போவார். அவர் வேலை முடிந்து போகும்போது இரண்டு மூன்று பூனைகள் சீலையை உரசிக்கொண்டே பின்னால் போகும். எனக்கும் அதே கதைதான். மாத்தளை பஸ் நிலையத்தில் எங்கிருந்தோ வந்த பூனை ஒன்று என் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஒரு நாள் காலை பனி விலகவில்லை. த்ரீவீலர் என்னைக் கீழ் ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து வடிசாலைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. ஏறக்குறைய ஏறி முடித்திருப்பேன், அக்காவிடமிருந்து போன் வந்தது.

“மிஸ், எங்க இருக்கீங்க?” குரல் கேட்கவேயில்லை. மூச்சு மட்டும்தான் கேட்டது.

“வந்துட்டேன் அக்கா. தண்ணித் தாங்கிக்கிட்ட இருக்கேன். என்ன?”

“வராதீங்க. அங்கயே நில்லுங்க. புலி.”

எனக்கு அந்தச் சொல் மண்டையில் ஏறவில்லை. “என்னது? பூனையா?”

“பூன இல்ல மிஸ். புலி. இலையில படுத்திருக்கு.”

நான் நின்ற இடத்திலிருந்து தண்ணீர்த் தாங்கியின் ஓரமாகத் தலையை நீட்டினால் அந்தப் பனியிலும் கொட்டில் அருகிலேயே தெரியும். நீட்டினேன். சிறுத்தை. மலையில் அதைத்தான் புலி என்பார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாது, நன்றாக வளர்ந்தது. சாக்கில் நாங்கள் குவித்திருந்த இலையின் மேல் மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் வானத்தைப் பார்த்திருந்தன. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டுத் தேய்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. முன்னங்கால்களால் இலையை வாரி முகத்தோடு அணைத்துக்கொண்டு, பின்னங்கால்களால் உதைத்துத் தள்ளியது. லயத்துப் பூனைகள் செய்த அதே வேலை. ஆனால் ஒவ்வொரு உதைக்கும் கம்பித் தட்டுகள் ஆடின.

பயம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது வேறு என்னவோ. இவ்வளவு பெரிய மிருகம் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதை நான் பார்க்கக்கூடாது என்பது போல ஒரு கூச்சம். நாங்கள் நட்டு, நாங்கள் வெட்டி, நாங்கள் காயப்போட்டது அதை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

“அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?”

“உள்ளுக்கு. பொயிலருக்குப் பின்னால வெறகு மேல ஏறி இருக்கேன்.”

அப்போதுதான் பயம் வந்தது. வடிசாலைக்கு ஒரே வாசல், அதுவும் கொட்டிலைப் பார்த்த வாசல். வெக்கை தாங்காமல் கதவைக் கழற்றிப் பின் சுவரில் சாய்த்து வைத்து மாதங்களாகிவிட்டன. சிறுத்தைக்கும் அக்காவுக்கும் நடுவில் வெறும் பனிதான் இருந்தது. நெருப்பு மூட்டிவிட்டுத் திரும்பியபோது அது வந்து படுத்திருந்ததாம். எப்போது வந்தது, எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தமே கேட்கவில்லையாம்.

“அசையாதீங்க அக்கா. இந்த மயக்கம் கொஞ்ச நேரந்தான். தானா எந்திரிச்சுப் போயிரும்.”

“நெசமாவா மிஸ்?”

“நெசமா.”

பூனையைப் பற்றித்தான் நான் படித்திருந்தேன். சிறுத்தைக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. மயக்கம் தெளிந்த பிறகு அது என்ன செய்யும் என்பதும் தெரியாது. ஆனாலும் ஆமாம் என்றேன்.

அவருடைய மூச்சும், அதற்குப் பின்னால் விறகு வெடிக்கும் சத்தமும் போனில் கேட்டன. பிறகு சொன்னார்: “மிஸ், வெறகு நெறைய போட்டுட்டேன். ஆவி ஏறுது. விசில் அடிச்சிரும்.”

பொயிலரில் அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும் வால்வு ஒன்று உண்டு. அது திறந்தால் மலைக்கு மலை கேட்கும். அதை நிறுத்த வேண்டுமானால் அக்கா கீழே இறங்கி, வாசலுக்கு நேரே வந்து நெருப்பை இழுத்துப் போட வேண்டும்.

“எறங்காதீங்க” என்றேன். “அடிச்சா அடிக்கட்டும்.”

“சத்தத்துக்கு உள்ள பாஞ்சா?”

சிறுத்தை புரள்வதை நிறுத்தியிருந்தது. குப்புறத் திரும்பி, தலையைத் தூக்கி, ஒருமுறை தும்மியது. உடம்பை உதறியது. எழுந்து உட்கார்ந்தது. அதன் முகம் மாறிவிட்டது. சற்று முன்னால் குழந்தை போலக் கிடந்தது இப்போது வடிசாலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே எரியும் நெருப்பைப் பார்த்ததா, நெருப்புக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்ததா, தெரியாது. வால் நுனி மட்டும் மெதுவாக அசைந்தது.

“மிஸ், என்னயப் பாக்குது” என்றார் அக்கா.

அந்தக் கணத்தில் வால்வு திறந்தது. எத்தனையோ வருடங்களாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். அன்று என் காதுக்குள்ளேயே ஏதோ கிழிந்தது போல இருந்தது. சிறுத்தை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அடுத்ததாக நான் பார்த்தது, கம்பித் தட்டு ஒன்று சரிவதையும், சிறுத்தை எனக்கு நேராகப் பாதையில் வருவதையும்தான். ஓடத் தோன்றவில்லை. கத்தவும் தோன்றவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். தாங்கிக்குப் பக்கத்தில் என்னைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறியது. மீசையில் காய்ந்த இலைத்துண்டு ஒட்டியிருந்தது. பிறகு கைக்கெட்டும் தூரத்தில் திரும்பி, கானைத் தாண்டி, ஓடைப் பக்கம் பாய்ந்துவிட்டது. அது போன வழியெல்லாம் புதினா மணத்தது.

போனில் அக்கா கத்திக்கொண்டிருந்தார். “மிஸ்! மிஸ்! இருக்கீங்களா?”

“இருக்கேன். அது ஓடைப் பக்கம் போயிருச்சு” என்றேன்.

மேலே போய், முதலில் நெருப்பை இழுத்துப் போட்டோம். பிறகு இரண்டு பேரும் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். அக்கா அழுதார், நடுவில் சிரித்தார், மறுபடி அழுதார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். தலைப்பை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு கையை, பிறகு தோளில் கிடந்த முடியை.

“மிஸ்” என்றார் மெதுவாக. “இந்த வாசத்தோடதான நான் தெனமும் தேயிலக்குள்ளாற நடந்து வூட்டுக்குப் போறேன்.”

பஸ் நிலையத்துப் பூனையை நினைத்துக்கொண்டேன். எதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோமோ, அது இப்போது வேறாகத் தெரிந்தது. அக்கா மட்டுமல்ல, களை பிடுங்க வந்த நாலைந்து பெண்களும் அதே வாசனையோடுதான் பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பாதையில் இறங்கிப் போனார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் ஓடிவந்து அந்தச் சீலையைத்தான் கட்டிக்கொள்ளும். சிறுத்தையைப் பார்த்ததைவிட அந்த நினைப்புதான் என்னை ஆட்டி வைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்த எண்ணெயை நான் குடுவையில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு பேருக்கும் காயம் இல்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு கேட்டார்:

“மகள், வீடியோ எடுத்தீங்களா?”

“இல்ல ஹாஜியார்” என்று போனை வைத்தேன்.

மறுநாள் அவர் மலைக்கு வந்தார், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. காலடித் தடங்களைப் பார்த்தார், கசங்கிக் கிடந்த இலையைப் பார்த்தார். சீகிரியாவில் அவருக்குத் தெரிந்த ஹோட்டல்காரர் ஒருவரோடு இரவே பேசிவிட்டாராம். வெள்ளைக்காரர்கள் சிறுத்தை பார்க்க யால சரணாலயம் வரைக்கும் போகிறார்கள், இங்கே நம் காணிக்கே அது நடந்து வருகிறது. மேலே ஒரு மரக் குடில் கட்டி, கொட்டிலில் கொஞ்சம் இலை போட்டு வைத்தால் போதுமாம்.

“எண்ணெய் வராட்டி என்ன, அல்லாஹ் வேற வழி காட்டுறான்” என்றார்.

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என் பிள்ளையின் ஆஸ்பத்திரி நாட்களில் கேட்காமலே லீவு தந்தவர். அந்த மனிதர்தான் இப்படிப் பேசினார்.

“ஹாஜியார், இலை போட்டு அதைக் கூப்பிட்டா, இலை இல்லாத நாளும் அது வரும்” என்றேன். “வந்து என்னத்தைத் தேடும்?”

“அதுக்கு வேலி அடிக்கலாம் மகள்.”

அக்கா அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், ஆணியில் தொங்கிய தன் வேலைச் சட்டையை எடுத்துவந்தார். சீலைக்கு மேலே போட்டுக்கொள்ளும் பழைய கோட்டு அது, மாதக்கணக்கில் அந்த இலையோடு கிடந்தது. அதை முதலாளியிடம் நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க முதலாளி. இதப் போட்டுக்கிட்டு எங்க லயம் வரைக்கும் ஒருக்கா நடந்து போயிட்டு வாங்க. நீங்க போயிட்டு வந்தீங்கன்னா நான் நாளைக்கும் வேலைக்கு வாறேன்.”

முதலாளி கோட்டை வாங்கிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லயத்துக்குப் போகும் பாதையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெட்டாமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து பாதையை மூடியிருந்தது. நான்கைந்து எட்டு வைத்தார், நின்றுவிட்டார். திரும்பியபோது அவர் முகத்தில் முந்தைய மலர்ச்சி இல்லை.

“யா அல்லாஹ்” என்றார். “இதுலயா நீங்க எல்லாரும் போய் வாறீங்க?”

“வேற ரோடு இல்லீங்களே.”

கோட்டை மடித்து, ஒரு கல்லின் மேல் வைத்தார். “புடுங்குங்க. எல்லாத்தையும் புடுங்குங்க” என்றார்.

வனவிலங்கு அதிகாரி வந்து தடங்களைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இலையையோ சக்கையையோ வெளியே விடக்கூடாது, கழிவுத் தண்ணீரை ஓடையில் விடக்கூடாது, வாசம் அதோடுதான் காட்டுக்குள் போகிறது. சிறுத்தையை யாரும் துரத்திப் போகவும் கூடாது.

பிடுங்க அந்தப் பெண்களைக் கூப்பிட மனம் வரவில்லை. அலுவிகாரையிலிருந்து ஆண்களை லொறியில் அழைத்துவந்தோம். வெயில் ஏறிய பிறகு தொடங்கி, வெயில் இருக்கும்போதே நிறுத்தினோம். சிறுத்தை கிட்ட வராமலிருக்க ஒருவர் தகர டின்னைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிடுங்கிய செடியை எரிக்கலாம் என்றார்கள். புகை எங்கெல்லாம் போகுமோ என்று எனக்குப் பயம். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, கீழே பெரிய வடிசாலைக்கு ஏற்றிப்போய்ப் பானையில் போட்டு வடித்தோம். எண்ணெயை எடுத்துவிட்டால் வாசமும் போய்விடும் என்பதுதான் கணக்கு. செடிகள் முழுப் பூவில் இருந்தன. உப்புப் போட்டதும் பிரிந்து வந்த எண்ணெய், முதல் தடவை கிடைத்ததைவிடப் பல மடங்கு அதிகம். கதவை அடைத்துக்கொண்டு வடித்தோம், அப்படியும் அலுவிகாரைப் பூனைகள் ஜன்னல் கம்பியில் தொங்கின. அன்று யாரும் சிரிக்கவில்லை.

கண்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அந்த எண்ணெயின் மாதிரியை அனுப்பியிருந்தேன். முடிவு வந்தபோது என் மேசையில் தனியாக இருந்தேன். எண்ணெயின் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் வரைபடம் அது. சாதிக்காய் எண்ணெய்க்கு அது பெரிதும் சிறிதுமாய் ஒரு மலைத்தொடர் போல இருக்கும். இதிலோ, பிரட்டிப் போட்ட இரட்டையர் போல நெபெட்டலாக்டோனின் இரண்டு வடிவங்கள் மட்டும் தாளின் உச்சி வரை எழுந்து நின்றன. மற்றதெல்லாம் தரையில் கிடந்த புல். அவ்வளவு சுத்தமான எண்ணெயை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய தாள். ஆனால் அதைக் கவிழ்த்து வைத்தேன். வால் நுனி அசைவதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

எண்ணெயை வாங்கிய வெளிநாட்டுக்காரர் ஆச்சரியப்பட்டாராம். இதே தரத்தில் பீப்பாய்க் கணக்கில் வேண்டும் என்று எழுதினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி வாசித்தார்.

“என்ன பதில் செல்றது மகள்?”

“இந்த மலையில முளைக்காதுன்னு சொல்லுங்க ஹாஜியார்.”

“பொய்யாச்சே.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க.”

உண்மையைத்தான் எழுதினார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. நம்பினார்களோ என்னவோ.

அக்கா மறுபடி மேல் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. இப்போது அலுவிகாரையில் சாதிக்காய் உடைத்துச் சாதிபத்திரி பிரிக்கும் பகுதியில் இருக்கிறார். பஸ்ஸில் வந்து போகிறார். லயத்துக்கு முன்னால் உள்ள பாதையின் இரண்டு பக்கமும் தேயிலையை வெட்டித் துப்புரவாக்க முதலாளி ஆள் விட்டார். அந்தக் கோட்டை அக்கா பலமுறை வெந்நீரில் அவித்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, வாசம் போகவில்லை என்று குழி தோண்டிப் புதைத்துவிட்டாராம்.

நான் கராம்பு இலை வடிக்க இன்னும் அந்த மலைக்குப் போகிறேன். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டாயிற்று. போன மாதம் ஒரு காலை, நாங்கள் செடி நட்டிருந்த வெற்று நிலத்தில் சிறுத்தையின் புதிய தடங்கள் இருப்பதைப் பார்த்தேன். ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்து, பாத்தி பாத்தியாக நடந்து, ஓரிடத்தில் மண்ணைக் காலால் கீறிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. அங்கே பூனைப் புதினா வேர் ஒன்று எங்கள் கண்ணுக்குத் தப்பி, இரண்டு இலை விட்டிருந்தது. உடன் வந்தவரைக் காவலுக்கு நிற்கச் சொல்லிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு அதை வேரோடு தோண்டினேன். பொலித்தீன் பைக்குள் பை, அதற்குள் பை என்று வைத்து இறுகக் கட்டினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ் ரோடு வரை இறங்கியபோது, நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.